கடையாணியும் கையொப்பமும்



காவல்துறைக்கு உரிய விமானங்களைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விடும்போது, அவரிடம் எவற்றையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பள்ளியில் இயற்பியல் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. அதற்கு விடையாக ஓர் இரவு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வாழும் என் மகள் வீட்டில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். கூரை அதிர்வது போன்ற பேரொலி கேட்டு விழித்தேன். சாளரத்தின் வழியே வெண்மையான ஒளிக்கற்றை ஒன்று உள்ளே பாய்ந்து, சுவரைத் தடவி, உறங்கிக்கொண்டிருந்த பேத்தியின் முகத்தின்மேல் ஒரு கணம் நின்று, பின் நகர்ந்தது. போலீசாரின் ஹெலிகாப்டர் ஒன்று யாரையோ தேடி எங்கள் தெருவின்மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. "இது இங்கே வழக்கந்தான், அப்பா, படுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் மகள். சொன்னவள் தானும் படுத்து உறங்கிவிட்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பொறி விழுந்தால் எங்கே விழும் என்று மனம் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவன் யார்? பார்த்ததாகக் கையொப்பம் இட்டவன் யார்? இட்டவன் உண்மையிலேயே பார்த்தானா? இவ்வாறு ஐயுறுவதற்கு எனக்கென்று ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

அந்நாட்டில் காவலர் வானில் ஏறியது நெடுநாளைக்கு முன்பே. நியூயார்க் நகரப் போலீசார் 1929-ஆம் ஆண்டிலேயே விமானப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர்; 1948-இல் ஹெலிகாப்டரும் வாங்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1956-இல் தொடங்கியது. திருடனைத் துரத்துவது மட்டுமன்று இவற்றின் வேலை. காணாமற்போன குழந்தையையும், மலையில் வழிதவறியவரையும், வெள்ளத்தில் சிக்கியவரையும் தேடுவதும் இவையே. நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறப்பது. ஊரைவிட்டு விலகி ஏறி, விலகி இறங்குவது. காவல்துறை ஹெலிகாப்டரோ சில நூறு அடி உயரத்தில், இருளில், மக்கள் நெருங்கி வாழும் தெருக்களின்மேலேயே சுற்றிச் சுற்றி வருவது. அதில் ஏறியவர் இருவர் மூவரே. அதன்கீழே உறங்குகிறவரோ ஆயிரக்கணக்கானவர். ஏறியவர் தெரிந்து ஏறுகிறார். கீழே இருப்பவரை எவரும் கேட்பதில்லை.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் இரவு இதுதான் நேர்ந்தது. போலீசாருக்காக ஒப்பந்த நிறுவனம் ஒன்று இயக்கிய ஹெலிகாப்டர், பணி முடிந்து திரும்பும் வழியில் மதுக்கடை ஒன்றின் கூரைமேல் விழுந்தது. அது வெள்ளிக்கிழமை; உள்ளே மக்கள் கூடி இசை கேட்டுக்கொண்டிருந்தனர். ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் கீழே இருந்த எழுவரும் மாண்டனர். முதன்மைத் தொட்டியில் 76 கிலோ எரிபொருள் இருந்தும், அதனை எஞ்சின்களுக்கு ஊட்டும் சிறு தொட்டிகளுக்கு மாற்றும் பம்புகள் இயங்காமல் நிறுத்தப்பட்டிருந்தன என்று 2015-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. அது பராமரிப்பின் பிழையன்று. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: விமானத்தின் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை, இருக்க வேண்டும் என்று விதியும் இல்லை. அதனால் இறுதி நிமிடங்களில் நடந்ததை முழுமையாக அறிய இயலவில்லை. போலீஸ் ஹெலிகாப்டர்களுக்குப் பதிவுக் கருவி கட்டாயம் ஆக்கப்பட வேண்டும் என்று அதன் பின்னரே விசாரணையாளர் பரிந்துரைத்தனர். கேட்டு வாங்காத பொருள் வேண்டிய நேரத்தில் இராது.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். என் பழைய மாணவர் ஒருவர், பத்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து கைக்கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், அந்நகருக்கு அருகில் விமானம் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார் என்று அறிந்தேன். பார்க்கப் போனேன். போலீசாரின் ஹெலிகாப்டர்களைப் பேணும் ஒப்பந்தம் அந்நிறுவனத்திடமே இருந்தது. அவரிடம் என் ஐயத்தைச் சொன்னபோது, அவர் கூறிய முதற்செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது.

"ஐயா, வாடகைக்கு ஓடும் ஹெலிகாப்டருக்கு நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதனை என்று சட்டம் இருக்கிறது. போலீஸ் ஹெலிகாப்டருக்கு அந்தச் சட்டம் இல்லை" என்றார்.

உண்மைதான். அமெரிக்கச் சட்டத்தில் 'பொது விமானம்' என்றொரு வகை உண்டு. அரசுக்கோ நகராட்சிக்கோ உரியதாய், காவல், தீயணைப்பு, தேடி மீட்டல் போன்ற அரசுப் பணிகளுக்காகப் பறப்பது அது. வான்வழியில் பிற விமானங்களோடு பறக்கும்போது பின்பற்ற வேண்டிய பொது விதிகள் அதற்கும் பொருந்தும். ஆனால், பறக்கும் தகுதிச் சான்று, பராமரிப்பு, பழுதுபார்ப்பவரின் உரிமம் ஆகியவை பற்றிய குடிமை விதிகளிற் பெரும்பாலானவை அதனைக் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றை அந்தந்த அரசுத் துறையே தன் பொறுப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் இடர் ஒரு பெருந்துயரத்தால் வெளிப்பட்டது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், தெற்கு டகோட்டா மாநில ஆளுநர் ஜார்ஜ் மிக்கல்சன், மாநில அரசுக்கு உரிய சிறு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அயோவா மாநிலத்தில் அது விழுந்து அவரும் உடன்சென்ற எழுவரும் இறந்தனர். விசிறியின் நடுக்குடத்தில் தோன்றிய வெடிப்பே காரணம். உலோகக் களைப்பு என்று இதனைச் சொல்வர். இரும்புக் கம்பியை இங்குமங்கும் பலமுறை வளைத்து ஒடிப்பதை வகுப்பில் நான் செய்து காட்டுவது வழக்கம். முப்பதாவது வளைவு வரையில் ஒன்றும் தெரியாது, முப்பத்தொன்றாவதில் கையோடு வந்துவிடும். அதே செய்திதான். 1994-இல் சட்டம் திருத்தப்பட்டது. அரசு விமானமேயாயினும் அதிகாரிகளின் பொதுவான பயணத்துக்குப் பயன்பட்டால் குடிமை விதிகளுக்கு உட்பட வேண்டும் என்றும், படைத்துறை போன்ற சில ஒழிந்த பொது விமானங்களின் விபத்துகளையும் நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிக்க வேண்டும் என்றும் ஆயிற்று. ஆனால் காவற்பணி விலக்கின் உள்ளேயே நின்றுவிட்டது.

ஆகவே, சட்டம் பேசாத இடத்தில் ஒப்பந்தம் பேச வேண்டியதாயிற்று. நகராட்சி ஒன்று ஒப்பந்தப்புள்ளி கோரும்போது எழுதும் தாள்களே அந்த ஹெலிகாப்டருக்குச் சட்டம். அத்தாள்களில் எழுதாமல் விட்ட ஒன்றை, பின்னர் எந்த நீதிமன்றத்திலும் எளிதில் கேட்டுப் பெற முடியாது. என் மாணவர் தம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். அது பொது ஆவணம், எவரும் படிக்கலாம். விடைத்தாள் திருத்தும் பழக்கத்தால் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

முதலில், யார் கைவைக்கலாம் என்பது. நிறுவனம் கூட்டரசு வான்பயண நிர்வாகத்தின் 145-ஆம் பகுதி விதிகளின்படி ஒப்புதல் பெற்ற பழுதுபார் நிலையமாக இருக்க வேண்டும். வேலை செய்பவர் உடற்பகுதி, எஞ்சின் இரண்டுக்கும் உரிய சான்று பெற்றவராக இருக்க வேண்டும். இச்சான்றுக்கு, உரிய பள்ளியில் பயின்றிராதவர் முப்பது திங்கள் அனுபவம் காட்டி, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றிலும் தேற வேண்டும். ஆண்டுச் சோதனை செய்து ஒப்பமிடுபவருக்கோ, அச்சான்றை மூன்றாண்டேனும் வைத்திருந்த பின் பெறும் தனி அதிகாரம் வேண்டும். இவையெல்லாம் குடிமை விமானத்துக்குச் சட்டம் விதித்தவை. இங்கே ஒப்பந்தம் அவற்றைத் தானே இழுத்துக்கொண்டது. அதற்கு மேலும் ஒன்று கேட்டது: அந்த வகை ஹெலிகாப்டரிலேயே உற்பத்தியாளரிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பொதுவாக மருத்துவர் என்றால் போதாது, கண் மருத்துவர் வேண்டும் என்பது போல.

அடுத்து உறுப்புகள். ஹெலிகாப்டரில் பல உறுப்புகளுக்கு ஆயுள் வரையறை உண்டு. இத்தனை மணி பறந்தபின் நல்ல நிலையில் இருப்பது போல் தோன்றினாலும் கழற்றி எறிய வேண்டும். சிலவற்றுக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது. எஞ்சினை எத்தனை முறை முடுக்கி நிறுத்தினார்கள் என்றும் எண்ண வேண்டும். சூடேறுவதும் ஆறுவதும் உலோகத்தைத் தளர்த்துவதால் இந்தக் கணக்கு. போலீஸ் ஹெலிகாப்டர் ஓர் இரவில் பலமுறை எழுந்து இறங்குவது. ஆகவே மணிக்கணக்கில் இளமையாகவும் எண்ணிக்கையில் முதுமையாகவும் இருக்கும். புதிதாகப் பூட்டும் ஒவ்வொரு முதன்மை உறுப்பும் எங்கே செய்யப்பட்டது, யார் சோதித்தார் என்று கூறும் சான்றுத்தாளோடு வர வேண்டும். 8130-3 என்னும் எண்ணுள்ள படிவம் அது. தாள் இல்லாத உறுப்பு எவ்வளவு பளபளப்பாயினும் வெறும் இரும்புதான்.

இராணுவம் கழித்துவிட்ட ஹெலிகாப்டர்களைப் பல ஊர்க் காவல்துறையினர் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அங்கு உண்டு. விலை இல்லாமலே கிடைக்கும். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் குடிமைச் சான்று கிடையாது. பழைய பதிவேடு முழுதும் கைக்கு வராவிட்டால் எந்த உறுப்பு எத்தனை மணி ஓடியது என்று அறிய வழியும் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒப்பந்தம் பேசிற்று. கொட்டகையின் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவமே கறுப்பாகத் தீட்டப்பட்டு, அதன்மேல் அக்கருவி மாட்டப்பட்டிருந்தது. மாலையில் ஒரு கறுப்பு உருவம் வெறுமையாகத் தெரிந்தால், அந்தக் கருவி கிடைக்கும் வரையில் எந்த ஹெலிகாப்டரும் வெளியே போகாது. அது எஞ்சினுக்குள் கிடக்கக்கூடும் அல்லவா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு பலகை வைத்திருந்தால் எத்தனை இடுக்கிகள் தப்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

காப்பீடு, கட்டணம், வரி ஆகியவை பற்றிய பக்கங்களை விரைந்து புரட்டினேன். அவை எல்லா ஒப்பந்தங்களிலும் ஒன்றுபோலவே இருப்பவை. ஆனால் ஒரு வரியில் பென்சில் நின்றது. குறைந்த விலை கூறியவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தகுதியை முதலில் மதிப்பிட்டு, தகுதியுள்ளவரின் விலையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

இங்கே என் கதையைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் நான்கு தீயணைப்புக் கருவிகள் இருந்தன. அவற்றுக்கு ஆண்டுதோறும் மருந்து நிரப்பித் தர, மூவரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவருக்குக் கொடுத்தோம். அவரும் வந்தார், ஒவ்வொரு கருவியின் கழுத்திலும் ஓர் அட்டையைக் கட்டி, தேதியும் கையெழுத்தும் இட்டார். விலைப்பட்டியின் அடியில், 'பணி நிறைவாக முடிந்தது' என்று எழுதிக் கையொப்பம் இட்டவன் நான். சில திங்கள் சென்று, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சாராய விளக்கொன்று கவிழ்ந்து மேசை தீப்பற்றியது. ஆய்வுக்கூட உதவியாளர் கருவியை எடுத்து ஊசியை இழுத்துக் கைப்பிடியை அழுத்தினார். பெருமூச்சுப் போல ஓர் ஒலி வந்தது, அவ்வளவே. அவர் அதை எறிந்துவிட்டு மணல் வாளியைத் தூக்கிக் கொட்டி நெருப்பை அணைத்தார். அதற்குள் ஒரு மாணவியின் வலக்கை வெந்துவிட்டது. பிறகு அக்கருவியை எடுத்துப் பார்த்தேன். அளவுமானியின் முள் சிவப்புப் பகுதியில் கிடந்தது. அன்று குனிந்து ஒரு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அட்டையைப் பார்த்தேன், முள்ளைப் பார்க்கவில்லை. அவர் பொய்யாகக் கையெழுத்திட்டார். நானோ பாராமல் கையெழுத்திட்டேன். அந்த மாணவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நாங்கள் அவரிடம் கேட்டவை விலையும் தேதியும் பட்டியும் மட்டுமே. நான்கில் ஒன்றையாவது எங்கள் கண்முன் இயக்கிக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தால், அவர் வந்திருக்கவே மாட்டார்.

இதை நான் சொன்னபோது என் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஒரு கம்பித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். 'ஸ்பிளிட் பின்' என்றார். மாட்டு வண்டியில் போனவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சக்கரம் கழன்று ஓடாதபடி அச்சின் நுனியில் செருகும் கடையாணியின் சிறிய தம்பிதான் இது. மறையை முறுக்கியபின், அது அதிர்ச்சியால் தளர்ந்து கழலாதவாறு குறுக்கே செருகி முனையை மடக்கிவிடுவர்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து ஐவர் மாண்டனர். போலீசாரும் பரவலாகப் பயன்படுத்தும் ஏ.எஸ். 350 வகையைச் சேர்ந்தது அது. முந்திய நாள்தான் நூறு மணிச் சோதனை நடந்து, சுழலியைக் கட்டுப்படுத்தும் உறுப்பொன்று மாற்றிப் பூட்டப்பட்டிருந்தது. தானே இறுகிப் பிடிக்கும் தன்மையை இழந்த பழைய மறை ஒன்றையே மீண்டும் பூட்டினர் என்றும், ஸ்பிளிட் பின்னைச் சரியாகச் செருகவில்லை அல்லது செருகவே இல்லை என்றும், வேலைக்குப் பிந்திய சோதனை போதாது என்றும் பாதுகாப்பு வாரியம் கண்டது. அத்துடன் நிற்கவில்லை. பூட்டிய தொழிலாளரும் பரிசோதித்தவரும் போதிய உறக்கம் இன்றிக் களைத்திருந்தனர் என்பதையும், வேலையின் படிகள் தாளில் தெளிவாகப் பிரித்து எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிற்று. உலோகத்துக்கு மட்டுமா களைப்பு?

கவனியுங்கள்: அங்கே சட்டம் இருந்தது, உரிமம் இருந்தது, இரண்டு பேர் பார்க்கும் முறையும் இருந்தது. இரண்டாமவர் முதலாமவரை நம்பினாரோ, கண் தளர்ந்தாரோ, அறியோம். ஆதலால்தான் நல்ல ஒப்பந்தங்கள், இரண்டாவது கையொப்பம் இடுபவர் அவ்வேலையில் கைவைக்காத வேறொருவராக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஒருவர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று வரையறுக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே சுருக்கொப்பம் இடச் சொல்கின்றன. பத்துப் படிக்குச் சேர்த்து ஒரே கையெழுத்து என்றால் என் தீயணைப்புக் கருவியின் கதைதான்.

ஒப்பந்தத்தில் எனக்கு உடன்பாடில்லாத விதியும் ஒன்று இருந்தது. ஆண்டில் இன்ன விழுக்காட்டு நாட்கள் ஹெலிகாப்டர்கள் பறக்கத் தயாராக இருக்க வேண்டும். குறைந்தால் கட்டணம் பிடிக்கப்படும் என்பது அது. காவல்துறைக்கு அது தேவையே. கொட்டகையில் நிற்கும் ஹெலிகாப்டர் குழந்தையைத் தேடாது. ஆனால் மறையை முறுக்குகிறவன் காதில் அந்த விதி இரவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பாதுகாப்புக் கருதி நிறுத்திய நாட்களை அக்கணக்கில் சேர்க்கலாகாது என்று எழுதினால் என்ன என்று கேட்டேன். "அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும், ஐயா" என்றார்.

நம் நாட்டின் நிலை இதில் வேறுபட்டது. 'வி.டி.' என்னும் எழுத்துகளைத் தாங்கிக் குடிமைப் பதிவேட்டில் ஏறிய விமானம், அரசுக்கே உரியதாயினும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளுக்கு உட்பட்டது. பராமரிக்கும் நிறுவனம் சி.ஏ.ஆர். 145 விதியின்படி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்; உரிமம் பெற்ற பொறியாளர் ஒப்பமிட்ட பின்னரே விமானம் பறக்கலாம். இதனைப் பேசும்போது 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நினைவுக்கு வராமல் இல்லை. எல்லைப் பாதுகாப்புப் படையின் சிறு விமானம் ஒன்று தில்லியிலிருந்து ராஞ்சிக்குப் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து பதின்மர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ராஞ்சியில் பழுதாகி நின்ற ஹெலிகாப்டர் ஒன்றைச் சீர்செய்யச் சென்ற தொழில்நுட்பப் பணியாளர். அவர்களுடைய கையொப்பத்தை நம்பி எத்தனை பேர் அதுவரை பறந்திருப்பார்கள்!

நான் கொட்டகையிலிருந்து புறப்படும் வேளையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மறைகளை அளவறிந்து முறுக்கும் 'டார்க் ரெஞ்ச்' ஒன்றை என் மாணவர் கையில் எடுத்தார். அதன் பிடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், முகம் மாறிற்று. அக்கருவியின் அளவு சரியா என்று சோதிப்பதற்கு உரிய நாள் கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளில் அதனால் முறுக்கிய மறைகள் அனைத்தையும் வேறு கருவி கொண்டு மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு ஹெலிகாப்டரின் கதவில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். சற்றுப் பொறுத்துப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து, மற்றொன்று ஏற்கெனவே பழுதில் நிற்கிறது, இன்றிரவுக்கு இது வேண்டுமே என்றார். என் மாணவர், "இன்றைக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார். பறக்கத் தகுதி உண்டா இல்லையா என்பதில் காவல்துறையினர் எவரும் பராமரிப்பாளருக்கு ஆணையிடலாகாது என்று ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அதற்கு அடிக்கோடு இட்டிருந்தேன். அதிகாரி முகம் சுளித்தார்; ஆயினும் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எங்கள் தெருவின்மேல் ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை. இரண்டு மணிக்குப் பழக்கத்தால் விழித்துக்கொண்டேன். பேத்தியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போனேன்.